பிரியந்தினி ரீச்சர் வராத ஏழு நாட்கள்

“என்ர கையெழுத்து எங்க கிடக்குதோ, அங்க நான் நிண்டிருப்பன். நான் நில்லாத இடத்துக்குக் கடவுள் வந்து கேட்டாலும் கையெழுத்து வைக்கமாட்டன்.”

வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த இந்தப் பிரகடனம் மாதர் அபிவிருத்திச் சங்கக் கூட்டமொன்றில் வெளியிடப்பட்டது. கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். கூட்டம் நடந்ததென்று அறிக்கை போவதற்கோ இருபத்தொரு கையெழுத்து வேண்டியிருந்தது. மிச்சப் பன்னிரண்டையும் பகிர்ந்து வைத்துவிடுவோம் என்று தலைவி தங்கம்மா நியாயமாகத்தான் கேட்டார். செயலாளர் பிரியந்தினி எழுந்து நின்று மேற்படி வாசகத்தைச் சொன்னாள். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைத்த கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தார்கள்.

“பிள்ளை தங்கம். ஆனா பக்கத்தில வைச்சுக்கொண்டு ஒரு அலுவலும் பாக்கேலாது,” என்று தங்கம்மா ஊருக்குச் சான்றிதழ் வழங்கினார்.

ஜெயபுரத்தைத் தாண்டித் தார் முடிந்து, கிரவல் வீதியில் நான்கு கிலோமீற்றர் போனால் பிரியந்தினி படிப்பிக்கிற பள்ளிக்கூடம் வரும். அறுபத்திரண்டு பிள்ளைகள், அதிபரோடு சேர்த்து நான்கு நிரந்தர ஆசிரியர்கள், சம்பளமில்லாத ஒரு தொண்டர் ஆசிரியை. நிரந்தர ஆசிரியர்கள் நான்கைந்து வருடத்துக்கொருமுறை மாறிப் போனார்கள். தொண்டர் ஆசிரியையான பிரியந்தினி மட்டும் பதின்மூன்று வருடமாக அசையாமல் இருந்தாள். முன்பள்ளி ரீச்சருக்குப் பிள்ளை பிறந்தபோது முன்பள்ளியையும் அவள்தான் பார்த்தாள். அதுவும் தொண்டுதான்.

அவள் அக்கராயனில் பிறந்தவள். உயர்தரப் படிப்பை இடம்பெயர்ந்த காலத்தில் தறப்பாள் கொட்டில்களில் படித்துத் தேறினாள். மீள்குடியேறி வந்தபோது வயது முப்பத்தொன்று. அன்றைய அதிபர் கூப்பிட்டு, “ஒரு ஆறு மாதம் வந்து படிப்பியுங்கோ, தொண்டர் ஆக்களையெல்லாம் நிரந்தரமாக்கப் போறாங்களாம்,” என்றார். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. கண்டாவளையிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, “நியமனம் கிடைக்கட்டும், யோசிப்பம்,” என்று தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். அவருடைய மூத்த மகன் இந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிறான்.

அரசாங்கத்தின் வரவுப் பதிவேட்டில் நிரந்தர ஆசிரியர்கள் மட்டுமே ஒப்பமிடலாம். தொண்டர்கள் தங்களுக்கென்று தனியாக ஒரு சீ.ஆர். கொப்பி வைத்துக்கொள்வார்கள். திகதி, வந்த நேரம், போன நேரம், கையெழுத்து, கிழமைக்கொருமுறை அதிபரின் சுருக்கொப்பம். நியமனம் வருகிற நாளில் அந்தக் கொப்பிதான் சாட்சி சொல்ல வேண்டும். பிரியந்தினியிடம் இப்படி மூன்று கொப்பிகள் இருந்தன. பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து, பொலித்தீன் பையில் சுற்றி, அலுமாரியில் வைத்திருந்தாள். நகை வைத்திருப்பவர்கள் நகையை அப்படி வைப்பார்கள்.

கடைசியில் கடிதம் வந்தது. தொண்டர் ஆசிரியர்களுக்கு நேர்முகத் தேர்வு. வயது நாற்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். பிரியந்தினிக்கு நாற்பத்துநான்கும் எட்டு மாதமும். அடுத்த முறை ஆள் எடுக்கும்போது அவளைக் கூப்பிட மாட்டார்கள் என்பதைக் கணக்குப் படிப்பிக்கிற அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நேர்முகத் தேர்வு வரிசையில் அவளுக்கு முன்னால் வீரபாகு நின்றான். வேறொரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பயிற்றுவிக்கிற தொண்டன். ஒன்பது வருடச் சேவையில் நான்கு வருடத்தை வவுனியாவில் லொறி ஓடிக் கழித்தவன்.

“அக்கா, உங்கட கொப்பி ஏன் ஊத்தையாக் கிடக்கு?”

“மழையில நனைஞ்சது.”

“என்ரயப் பாருங்கோ. பூ மாதிரி.”

பார்த்தாள். ஒன்பது வருடமும் ஒரே நீலப் பேனை, ஒரே சரிவு, ஒரே அழுத்தம்.

“எப்ப எழுதினது?”

“போன கிழமை,” என்றான் வீரபாகு, பணிவோடு. “கை இன்னும் நோகுது.”

உள்ளே போன வீரபாகு ஐந்து நிமிடத்தில் சிரித்துக்கொண்டு வெளியே வந்தான். அவனுடைய கொப்பியில் ஒரு குறையும் இருக்கவில்லை. உண்மையாக நடந்த எதுவும் அதில் இல்லாதபடியால் குறை வருவதற்கு இடமில்லை.

பிரியந்தினியின் மூன்றாவது கொப்பியில், நேர்முகம் எடுத்த அதிகாரி அம்மாவின் விரல் நின்றது. அவரிடம் பாடசாலைகள் பூட்டப்பட்ட நாட்களின் பட்டியல் ஒன்று இருந்தது.

“கார்த்திகை மாதம், வெள்ளம் வந்த நேரம். இந்த ஏழு நாளும் பாடசாலை பூட்டு.”

“ஓம் மேடம்.”

“பூட்டின பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் எப்பிடிப் போனனீங்கள்?”

“தண்ணிக்குள்ளால, மேடம்.”

“நான் பாதை கேக்கேல்லைப் பிள்ளை.”

நடந்தது இதுதான். மூன்று வருடத்துக்கு முந்தைய மாரியில் குளம் மேவிப் பாய்ந்தது. நாற்பது குடும்பங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் வந்து தங்கின. பாடசாலை பூட்டு என்று கல்விக் கந்தோர் அறிவித்தது, ஆசிரியர்கள் தங்கள் தங்கள் ஊருக்குப் போனார்கள். பிரியந்தினியின் வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவு தண்ணீர். ஆனாலும் அவள் மண்டபத்துக்குப் போனாள். சேலைகள் காய்கிற கொடிக்குக் கீழே, குளிரில் இருமிக்கொண்டிருந்த பத்தொன்பது பிள்ளைகளை இருத்திப் படிப்பித்தாள். ஏழு பள்ளிநாள். படிப்பித்ததோடு நிறுத்தியிருந்தால் குற்றமில்லை. ஏழு நாளும் கொப்பியை எடுத்து, வந்த நேரமெழுதி, கையெழுத்தும் வைத்தாள். வெள்ளம் வடிந்த பிறகு அதிபர் வந்து, பார்க்காமலே சுருக்கொப்பம் வைத்தார்.

“சுற்றுநிருபம் பூட்டு எண்டுது. கொப்பி திறப்பு எண்டுது,” என்றார் அதிகாரி அம்மா. “ரெண்டில ஒண்டு பொய். சுற்றுநிருபம் பொய் எண்டு நான் எழுதேலாது.”

“நான் உண்மையா வந்தனான் மேடம்.”

“இருக்கட்டும். ஆனா இந்த ஏழும் பொய்யெண்டால் மிச்சப் பதின்மூண்டு வருசத்தை நாங்கள் என்னெண்டு நம்பிறது?” அவர் கெட்டவரல்லர். குரலைத் தாழ்த்தினார். “வெள்ளிக்கிழமை வரைக்கும் தாறன். சரியான கொப்பியைக் கொண்டு வாங்கோ. வெட்டிக் கொத்தினது எடுபடாது. நான் உங்களுக்கு உதவத்தான் சொல்லிறன்.”

அதிபர் கதிர்காமநாதன் விடயத்தைக் கேட்டுப் பெருமூச்சு விட்டார். பிரச்சினை சின்னதாக இருக்கும்போது அவர் அப்படித்தான் விடுவார்.

“இதுக்கேன் பிள்ளை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு? புதுக் கொப்பி ஒண்டு வாங்கி, மூண்டாவதைத் திருப்பி எழுதுங்கோ. அந்த ஏழு நாளுக்கும் வரவில்லை எண்டு போடுங்கோ. நான் ஒப்பம் வைச்சுத் தாறன்.”

“நான் வந்தனான் சேர்.”

“வந்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியுமே.”

“நீங்கள் வரேல்லையே சேர். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“கொப்பியில பாத்தனான்,” என்றார், பார்த்திராத அதிபர்.

மண்டபத்தில் இருந்த குடும்பங்களிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டாள். கதிர்காமநாதன் முதன்முறையாகக் கதிரையில் நிமிர்ந்தார்.

“கொஞ்சம் யோசியுங்கோ. கடிதம் குடுத்தால் பள்ளிக்கூடம் நடந்தது எண்டு வரும். நடந்தது எண்டு வந்தால், நாங்கள் நாலு பேரும் அண்டைக்கு எங்க எண்டு கேப்பாங்கள். உங்களுக்கு நியமனம் கிடைக்கிறதுக்கு எங்கட நியமனத்தில கை வைக்கிறது சரியோ?”

அவள் கொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை போனவளை அவர் மறுபடி கூப்பிட்டார்.

“வராத நாளுக்கு நேரயும் கையெழுத்து வைக்கவேணும், மறந்திடாதேங்கோ. வரேல்லை எண்டதை நீங்கள் ஒத்துக்கொண்டதா இருக்கவேணும். இல்லாட்டி அதுக்கும் திருப்பி அனுப்புவாங்கள்.”

புதன்கிழமை அவள் புதுக் கொப்பி வாங்கினாள். இரண்டு நாள் தொட்டும் பார்க்காமல் விட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை தானாக வந்து போயிருக்கும், நாற்பத்தைந்தும் வந்திருக்கும், ஊர் அவளை ஒரு சத்தியவதியாகக் கடைசிவரை சங்கக் கூட்டங்களுக்குக் கூப்பிட்டிருக்கும். அதையும் அவள் நினைத்துப் பார்த்தாள். பிறகு அடிமட்டம் எடுத்துக் கோடு போட்டாள்.

வியாழக்கிழமை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கழித்தல் கணக்குக் கொடுத்துவிட்டு மேசையில் குனிந்து எழுதினாள். திகதி, நேரம், நேரம், கையெழுத்து. முதல் நூறையும் பழைய கொப்பியைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். முந்நூறில் கை பழகிவிட்டது.

கணக்கு முடித்த சிவதர்சினி கொப்பியோடு மேசைக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

“ரீச்சர், இம்போசிசனோ எழுதுறியள்?”

“ஓம்.”

“என்ன பிழை விட்டனீங்கள்?”

“கன பிழை இல்லை. ஏழு.”

“ஏழுக்கு இவ்வளவோ?” என்று அந்தப் பிள்ளை அனுதாபப்பட்டுவிட்டுப் போனது.

இடைவேளை மணிக்குச் சற்று முன்னால் அந்தக் கார்த்திகை மாதம் வந்து சேர்ந்தது. பிரியந்தினி முதல் திகதியை எழுதினாள். வந்த நேரத்துக்கு ஒரு கோடு, போன நேரத்துக்கு ஒரு கோடு, அதன் மேல் ‘வரவில்லை’. பேனையைத் தூக்கிச் சற்று நேரம் பிடித்திருந்தாள். பிறகு பக்கத்தில் கையெழுத்து வைத்தாள். இரண்டாம் நாள் பேனையைத் தூக்கவில்லை. ஏழாவது கையெழுத்து மற்றவற்றைவிட வடிவாகவே விழுந்தது.

அதிபரின் சுருக்கொப்பத்துக்கு இடம் விட்டு, அடுத்த திகதியை எழுதினாள். அன்று பள்ளிக்கூடம் திறந்திருந்தது. அன்று அவள் வந்தாள், காலை ஏழு பத்துக்கு.