காதோடு ஒட்டிய டிஸ்க்

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். புதிதாகப் போட்ட ஹார்ட் டிஸ்க் கம்ப்யூட்டரில் தெரியவில்லை என்று யார் வந்து நின்றாலும், அவர் திரையைப் பார்க்க மாட்டார். பவர் கொடுத்து, டிஸ்க்கைக் காதோடு ஒட்டிக்கொள்வார். உள்ளே சுழலும் சத்தம் கேட்டால் டேட்டா கேபிளில் கோளாறு. கேட்காவிட்டால் டிஸ்க் செத்தது. இருபத்தைந்து வருடமாக அந்தக் காது சொன்னதுதான் தீர்ப்பு.

அந்த மாதம் மூன்று புது டிஸ்க்குகளைச் செத்தவை என்று திருப்பி அனுப்பியிருந்தார். நான்காவதையும் காதிலிருந்து எடுத்து, பவர் வயரைக் கழற்றாமலே மேசையில் வைத்தார்.

"புதுசுன்னு குப்பையை விக்கிறானுங்க. உசுரே இல்ல."

கடையில் கூட வேலை பார்க்கும் மனைவி அதை அப்புறப்படுத்தத் தொட்டவள், கையை எடுக்காமல் ஏதோ சொன்னாள்.

"என்ன முணுமுணுப்பு? வாயைத் திறந்து பேசு!"

ஒரு வருடமாக அவளைத் தினமும் இப்படித்தான் கடிந்துகொண்டிருந்தார்.

அவள் அவருடைய கையைப் பிடித்து டிஸ்க்கின் மேல் வைத்தாள். விரலுக்கடியில் அது குறுகுறுவென்று அதிர்ந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டரை அணைத்து, டேட்டா கேபிளை மாற்றி, மறுபடி போட்டாள். திரையில் டிஸ்க் வந்துவிட்டது.

அவர் குனிந்து காதை வைத்தார். பிறகு இன்னொரு காதை. ஒன்றுமே கேட்கவில்லை.

நிமிர்ந்து, வெகுநாளைக்குப் பிறகு, பேசும் அவள் முகத்தைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைக்க, வாயை நன்றாகத் திறந்துதான் அவள் கத்திக்கொண்டிருந்தாள். அவருக்கு அது முணுமுணுப்பாக வந்து சேர்ந்தது.