ஷீஹா அத்தையின் காலடித் தடம்

சமாவாப் பாலையில் இடி மேகத்திலிருந்து வருவதில்லை. என் அத்தை ஷீஹா முறைப்பதால் வருகிறது. இடி இடித்தால்தான் மண்ணுக்கடியில் ஸுபைதிக் காளான் கருக்கொள்ளும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். ஆக, உலகத்துக் காளான் அத்தனைக்கும் மூலகாரணம் என் அத்தைதான். மறுப்பவர்கள் அவள் முகத்துக்கு நேரே மறுக்கட்டும்.

அந்த முறைப்பு முழுக்க ஒரே ஆளுக்கு: அவளுடைய பெரியப்பா மகன் முத்லக். போன வருஷம் வரை ஓடைப்பள்ளத்தின் ஓரத்தில் அத்தைக்கென்று ஓர் இடம் இருந்தது. புருஷன் செத்த பிறகு அவள் பிழைத்தது அதை வைத்துத்தான். மண்ணில் மெல்லிய வெடிப்பு தெரியும். குச்சியால் நெம்புவாள், உருளைக்கிழங்கு மாதிரி ஸுபைதி வெளியே வரும். குழியை மூடிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். முத்லக் அவள் தடத்தைப் பிடித்துப் போய் இடத்தைக் கண்டுபிடித்தான். அதைக்கூட மன்னித்திருப்பாள். அவன் அவசரத்தில் டிராக்டர் விட்டு உழுது, ரக்ரூக் செடிகளை வேரோடு கிளப்பிப் போட்டுவிட்டான்.

நாம் தின்பது காளானின் காய் மாதிரி. அதன் உடம்பு மயிரைவிட மெல்லிய நூலாக மண்ணுக்குள் ஓடி, ரக்ரூக் வேரைப் பின்னிக்கொண்டு கிடக்கும். அது செடிக்குத் தண்ணீரும் மண்சத்தும் தேடிக் கொடுக்கும். செடி வெயிலில் சமைத்த சர்க்கரையை அதற்கு ஊட்டும். செடி போனால் காளானும் போயிற்று. நான் தூங்காமல் கேட்ட ஒரே பாடம் இது. அத்தை முத்லக்கைத் திட்டுகிற திட்டுக்கு நடுவில் கேட்டது.

எங்களுக்குள் ஒருவர் தடம் மற்றவருக்கு முகம் மாதிரி. ஆளை நம்பாவிட்டாலும் தடத்தை நம்புவோம். அத்தை கை வைத்தது அங்கேதான். இந்த வருஷம் தினமும் விடியலில் வெறும் உப்புத் தரைக்கு நடந்தாள். அங்கங்கே குந்தினாள், தோண்டினாள், மூடினாள். மூட்டையில் கல்லை நிரப்பிச் சுமந்து திரும்பினாள், தடம் ஆழமாகப் பதியட்டும் என்று. முத்லக் மகன்களோடு அங்கேயே கூடாரம் அடித்து, சீசன் முழுக்க உப்பைக் கிண்டினான். அத்தையும் ஒரு காளான்கூட எடுக்கவில்லை. ஆட்டை விற்றுச் சாப்பிட்டாள், பழியை விடவில்லை.

சீசன் முடிந்து எங்கள் கூடாரத்துக்குக் காப்பிக்கு வந்தவனுக்கு நகக்கண்ணெல்லாம் புண்.

“அங்க ஒண்ணுமே இல்லியே ஷீஹா. நீ மட்டும் மூட்ட மூட்டயா எதத் தூக்கிட்டு வந்தே?”

“கல்லுண்ணே. அடுப்புக்கு வேணுமே.”

கூடாரமே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. அவன் கோப்பையை நிரப்பினாள். “செடியப் புடுங்கினதுக்கு இது பத்தாது. அடுத்த வருஷமும் வா.”

அவன் குடிக்காமல் எழுந்து போனான். அத்தை அப்படியே என் பக்கம் திரும்பினாள்.

“நேத்து என் பழைய எடத்துக்குப் போனேன்டீ. ரக்ரூக் கன்னு முளச்சிருக்கு.”

காற்று விதையைக் கொண்டுவந்திருக்கும் என்றேன்.

“காத்துக்கு எடது கால் உள்பக்கமா வளஞ்சிருக்குமா? தண்ணிக் குடம் தூக்கினா குதிகால் இப்படி அழுந்துமா?”

நான் காப்பிக் கெண்டியைக் கழுவப் போகிறேன் என்றேன்.

“ஒக்காருடீ. முந்தி காயவெச்ச ஸுபைதில பாதியக் காணோம், எலின்னு நெனச்சேன். வேருல காளானும் புடிக்கட்டும்னு தூள் பண்ணி வெதயோட போட்டியா?”

தலையாட்டினேன்.

“எவ்வளவு ஆழத்துல?” என்று கேட்டாள், என் காலையே பார்த்துக்கொண்டு.