மாமா நிற்கச் சொன்னார்

ஆகஸ்ட் பதினைந்து எங்கள் ஊருக்கு இரட்டைத் திருநாள். காலையில் மாதாவின் விண்ணேற்புப் பூசை, பூசை முடிந்த கையோடு கோவில் முற்றத்தில் கொடியேற்றம், அதற்கப்புறம் வேட்டு. அந்த வேட்டு மாதாவுக்கா நாட்டுக்கா என்று யாரும் கேட்டதில்லை. ஒரே செலவில் இரண்டு காரியம் முடிந்தால் எங்கள் தாடிக்கொம்பு ரோட்டுக்காரர்கள் ஏன் கேட்கப் போகிறார்கள்?

அந்த வருடம்தான் அம்மாவின் தம்பி, என் மாமா, ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்திருந்தார். மலையில் நடந்த சண்டையில், படை முன்னேறுவதற்கு முன்னால் போய், புதைத்து வைத்த கண்ணிவெடிகளைத் தேடி எடுப்பது அவர் வேலை. எத்தனை பேரைச் சுட்டாய் என்பதுதான் ஊரில் எல்லாரும் அவரைக் கேட்ட முதல் கேள்வி. ஒருத்தரையும் இல்லை என்றதும் கேட்டவர் முகம் தொங்கிவிடும். அப்பாவோ, "நம்ம மச்சினன் பட்டாளத்துல மண்ணு தோண்டுனாப்ல" என்றே அறிமுகப்படுத்துவார். எனக்கும் ஏமாற்றம்தான். உழுது போட்ட காட்டைக் கண்டால் வரப்பைச் சுற்றிக்கொண்டு போகிற வீரனைப் பற்றி வகுப்பில் எப்படிப் பெருமை அடிப்பது?

அன்று கொடியேற்றியதும் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு வேட்டு. கோவிலுக்குப் பின்னால் இருந்த பொட்டலில், வெடிமருந்தை இடித்துக் கிட்டித்த இரும்புக் குழாய்களை வரிசையாக நட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாக வெடித்து ஓய்ந்தது. புகை கலையும்போது, என் சட்டையில் குத்தியிருந்த காகிதக் கொடி காற்றில் பிய்த்துக்கொண்டு பொட்டலுக்குள் பறந்தது. கொடி தரையில் கிடக்கக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார். நான் ஓடினேன்.

குனிந்து எடுக்கும்போதுதான் வேட்டுக்காரரின் குரல் கேட்டது. "ஏலே, ஒண்ணு வெடிக்கலடா! திரி பொகையுது! பிள்ளையக் கூப்பிடுங்க!"

கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் அந்தக் குழாய். அதன் வாயிலிருந்து நூல் மாதிரிப் புகை. "ஓடியா, ஓடியா" என்று ஊரே கத்தியது. ஓடுவதற்குத் திரும்பினேன். அத்தனை கூச்சலுக்கும் மேலே மாமாவின் குரல் வந்தது. "நில்லு! காலை எடுக்காத தாயி! அப்படியே நில்லு!"

நின்றுவிட்டேன். அவரிடம் அப்படியொரு குரல் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது.

மாமா வந்தார். ஓடி வரவில்லை. பொன்னாடையோடு குப்புறப் படுத்து, ஒரு குச்சியால் மண்ணைச் சாய்வாகக் குத்திப் பார்த்துப் பார்த்துத் தவழ்ந்து வந்தார். கண் மண்ணை விட்டு நகரவில்லை. அவருக்கும் எனக்கும் நடுவில் ஆட்டுப் புழுக்கையைத் தவிர ஒன்றும் கிடையாது. சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. "டேய், மண்ணுக்குள்ள ஒண்ணுமில்லடா! பிள்ளையத் தூக்குடா!" என்று அலறினாள். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. புகை தடித்துக்கொண்டே போனது. எனக்கு அழுகை முட்டியது. ஆனால் அசையாதே என்றவர் மாமா. அதனால் அழுகையைக்கூட அசையாமல்தான் அழுதேன்.

"மாமா, பயமா இருக்கு" என்றேன்.

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அப்புறம் குழாயைப் பார்த்தார். தூக்கத்தில் நடந்தவர் பாதி வழியில் விழித்துக்கொண்டதைப் போல் இருந்தது அந்த முகம். குச்சியை எறிந்துவிட்டு எழுந்து பாய்ந்தார். நான் அவருக்கு அடியில் கிடந்தேன். மண் குலுங்கியது. காது அடைத்துப்போனது.

முதலில் கேட்டது அம்மாவின் குரல்தான். "ஓடி வர இருந்த பிள்ளைய நிக்கச் சொல்லிக் கொல்லப் பாத்தியேடா, பாவி!" அப்பா மாமாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். முதுகில் பொன்னாடையும் சட்டையும் கருகித் தோல் தெரிந்தது. மாமா என் முன்னால் மண்டியிட்டு, என் கால்களை முழங்காலிலிருந்து விரல்வரை தடவிப் பார்த்தார். "ரெண்டும் இருக்கு, ரெண்டும் இருக்கு" என்று முணுமுணுத்தார். மறுபடியும் முதலிலிருந்து தடவினார். நடுவில் என்னை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது என் பெயர் இல்லை. ஏதோ வடக்கத்தி ஆண்பிள்ளைப் பெயர்.

என் ஒரு காலில் செருப்பு இல்லை. அதைத்தான் தேடுகிறார் என்று நினைத்து, "அந்தா கெடக்கு மாமா" என்று கை நீட்டிக் காட்டினேன்.