அம்மாவின் பையில் நான் வைத்த பொட்டலம்

மூன்று வருடத்துக்கு முன்பு, சித்திரை விடுமுறையில் நடந்தது இது. காலையில் கண்டியில் வாடகை வான் ஏறி, கட்டுநாயக்காவில் பிளேன் பிடித்து, சாயந்தரம் கோலாலம்பூரில் போய் இறங்கிய ஒரே ஒரு நாள். அப்பா, அம்மா, தங்கச்சி, நான். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் பிளேன் ஏறியதில்லை. நான் மட்டும் பத்துத் தரம் ஏறி இறங்கினவன் மாதிரி ஒரு வாரமாகச் சீன் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது கெம்பஸில் ரெண்டாம் வருஷம். வாய் கொஞ்சம் நீளம். டிக்கெட்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் எண்ணிக்கொண்டிருந்தேன். வினை அதில்தான் வந்தது.

கூடப் படிக்கிறவனின் சிநேகிதன் ஒருத்தன், கண்டிக்குப் பக்கத்து மடவளைப் பையன், மெசேஜ் போட்டான். அவனுடைய ராத்தா, அதாவது அக்கா, கோலாலம்பூரில் இருக்கிறாளாம். ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா, அவளே எயார்போர்ட்டுக்கு வந்து வாங்கிக்கொள்வாள் என்றான். அவனை நான் அதற்கு முன் பார்த்ததுகூடக் கிடையாது. பயணத்துக்கு முதல் நாள் குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் சந்தித்தோம். எனக்கு ஒரு ரோல்ஸும் பிளேன்டீயும் வாங்கிக் கொடுத்தான். பொட்டலம் ஒரு செங்கல் அளவு. வெள்ளைத் துணியில் வைத்து நாலு பக்கமும் கையால் தைத்திருந்தது.

"ராத்தாக்குக் கொஞ்சம் மருந்துச் சாமான். உம்மா தெச்சுத் தந்த."

என்ன மருந்து என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பயந்தாங்கொள்ளி மாதிரி இருக்குமே. "இதெல்லாம் ஒரு மேட்டரா மச்சான், குடு" என்று வாங்கிக்கொண்டேன். அவனுடைய முழுப் பெயர்கூடத் தெரியாது.

வீட்டுக்கு வந்தால் என் பேக்கில் இடமில்லை. காலில் மாற்றி மாற்றிப் போட ரெண்டு ஜோடி சப்பாத்து வைத்திருந்தேன், போட்டோவுக்கு. அம்மாவின் பேக் பாதிதான் நிறைந்திருந்தது. சேலைகளுக்கு அடியில் பொட்டலத்தைச் சொருகி சிப்பை இழுத்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் நூறு கேள்வி கேட்பார்.

விடிந்தும் விடியாமலும் வான் கிளம்பியது. கடுகண்ணாவை மலை வளைவில் தங்கச்சி வாந்தி எடுத்தாள். "ரோட்டுலயே இப்படி, நீ மேல போய் என்ன செய்யப் போற" என்று நான் நக்கலடித்தேன். எயார்போர்ட்டில் இங்கிலீஷ் பேசுகிற பொறுப்பு முழுக்க என்னுடையது. கவுண்டரில் இருந்த அக்கா, யாராவது உங்களிடம் ஏதாவது கொடுத்துவிட்டார்களா என்று கேட்டார். நாலு பேருக்கும் சேர்த்து நானே, இல்லவே இல்லை, எல்லாம் எங்கள் சாமான் என்று ஸ்டைலாகச் சொன்னேன். பேக்குகளில் பட்டி ஒட்டினார்கள். அம்மாவின் பேக்கில் அம்மாவின் பெயர், பெரிய எழுத்தில். பெல்ட் அதை இழுத்துக்கொண்டு போனது. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

பிளேன் மேலே ஏறியதும் அப்பா சின்னப் பிள்ளையாகிவிட்டார். அவர் தேயிலைக் கம்பனியில் கிளாக். கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "நல்ல தூள வாங்கி எப்படிக் கெடுத்து வெச்சிருக்கானுங்க பாரு" என்று சொல்லிக்கொண்டே ரெண்டாவது கப்பும் கேட்டு வாங்கினார். சாப்பாட்டுக்குக் கொடுத்த பிளாஸ்டிக் கரண்டியைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இறங்குவதற்கு ஒரு மணித்தியாலம் இருக்கும்போது அறிவிப்பு வந்தது. போதைப்பொருள் கொண்டுபோகிறவர்களுக்கு அந்த நாட்டில் மரண தண்டனை வரை உண்டு என்று. சாப்பாட்டில் கோழியா மீனா என்று கேட்ட அதே இனிமையான குரல்.

அப்போதுதான் உறைத்தது.

மருந்துச் சாமான். முகம் தெரியாத ஒருத்தன். பஸ் ஸ்டாண்ட். நாலு பக்கமும் தைத்த துணி. இதே கதையைப் பேப்பரில் எத்தனை தரம் படித்து, "மடையனுங்க, எப்படித்தான் மாட்டுறானுங்களோ" என்று நானே சொல்லியிருக்கிறேன். பொட்டலம் இப்போது காலுக்குக் கீழே எங்கேயோ இருட்டில் பறந்து வந்துகொண்டிருக்கிறது. எடுக்கவும் முடியாது, எறியவும் முடியாது. அதைவிட, அந்தப் பேக்கில் ஒட்டியிருக்கிறது என் பெயர் இல்லை.

டாய்லெட்டுக்குப் போய் முகம் கழுவினேன். ரெண்டு தரம். திரும்பி வந்து அம்மாவின் காதில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. டொபி மிட்டாய் சுற்றி வந்த தாளை மடித்துக்கொண்டிருந்த கை மட்டும் நின்றது.

"எந்தப் பேக்குல வெச்ச?"

"ஒங்க பேக்குல."

"ஒன் பேக்குல ஏன் வெக்கல?"

"சப்பாத்து இருந்துச்சும்மா."

அம்மா குனிந்து என் காலைப் பார்த்தார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு, "அப்பாகிட்ட சொல்லிராத. பிரஷர் ஏறிரும்" என்றார்.

இறங்கினோம். பேக் வரும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நாயைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார். தங்கச்சி அந்த நாய் அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுக்கப் போனாள். நான் அவளுடைய கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வைஃபை பிடித்து மடவளைப் பையனுக்கு அடித்தேன். ரிங் போனது, எடுக்கவில்லை. மூன்று தரம் அடித்தேன். எடுக்கவே இல்லை. எனக்கு எல்லாம் முடிந்துபோனது மாதிரி இருந்தது.

அம்மாவின் பேக் வந்தது. அப்பாவும் தங்கச்சியும் தள்ளுவண்டி பிடிக்கப் போன நேரம் அம்மா ஒரு தூணோரமாகப் பேக்கைத் திறந்து பொட்டலத்தை எடுத்தார். டாய்லெட்டில் குப்பை வாளி இருக்கிறது, போட்டுவிட்டு வந்துவிடுவோம் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அம்மா அதைக் காதில் வாங்காமல் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தார். கண்டி மார்க்கெட் மேல்மாடியில் அம்மா தையல் கடை வைத்திருக்கிறார். துணியைப் பார்த்து ஆளைச் சொல்வார்.

"கண்ணு மங்குன மனுஷி தெச்சதுடா இது. ஒரே எடத்துல மூணு தரம் ஊசி ஏறியிருக்கு பாரு. கெட்ட காரியம் செய்றவன் ஒக்காந்து இப்படித் தெச்சிக்கிட்டு இருப்பானா?"

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அடுத்த வார்த்தையில் போயும் விட்டது.

"ஆனா உள்ள என்னன்னு எனக்கும் தெரியாது, ஒனக்கும் தெரியாது. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி கொண்டு போகவும் ஏலாது, நம்பிக் குடுத்ததத் தூக்கி எறியவும் ஏலாது. நான் போய்ச் சொல்லிர்றேன்."

சுங்கத்தைத் தாண்டி வெளியே போக ரெண்டு வழி. காட்ட வேண்டியது ஒன்றுமில்லாதவர்களுக்குப் பச்சை, இருக்கிறவர்களுக்குச் சிவப்பு. பச்சை வழியில் கூட்டம். சிவப்பில் ஒரு மேசை, ரெண்டு அதிகாரிகள், ஒரு ஆளும் இல்லை.

"நீ அப்பாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு அந்தப் பக்கமா போ. என்னையத் திரும்பிப் பாக்காத."

இந்த இடத்தில்தான் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் வாங்கியது, நான் போகிறேன் என்று ஒரே வார்த்தை. வாய் நீளம் என்று பெயர் எடுத்தவன், அந்த வார்த்தை மட்டும் வரவில்லை. தலையை ஆட்டினேன். போனேன்.

அம்மா பாத்ரூம் போகிறார், நம்மை முன்னால் போகச் சொன்னார் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு குஷியாக முன்னால் நடந்தார். நான் சப்பாத்துக் கயிறு கட்டுகிற மாதிரி குனிந்து பின்தங்கினேன். மேசையில் இருந்த அதிகாரி தமிழ் ஆள். அவர் கேட்டதும் காதில் விழுந்தது, அம்மா சொன்னதும் விழுந்தது.

"யாரும்மா வாங்கினது?"

"நான்தான் வாங்குனேன். பிரிச்சுப் பாக்கல. நீங்களே பாருங்க தம்பி."

"கூட யாரு வந்திருக்காங்க?"

"யாரும் இல்ல. நான் தனியாத்தான் வந்தேன்."

இன்னொரு அதிகாரி, ஒரு பெண், அம்மாவை ஒரு கதவுக்குள் கூட்டிக்கொண்டு போனார். கதவு சாத்தியது. நான் எழுந்து, பச்சை வழியாக வெளியே போனேன்.

வெளியே வந்தால் திரும்ப உள்ளே போக விடமாட்டார்கள். பதினைந்து நிமிஷம் ஆனது. அரை மணித்தியாலம் ஆனது. அப்பா, பாத்ரூமில் விழுந்துகிழுந்து விட்டாளோ என்று அங்குமிங்கும் நடந்தார். தங்கச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் போலீஸ்தான் வருகிறது, என்னைத்தான் கை காட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். அம்மாவுக்கு விலங்கு போட்டிருப்பார்களா என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இந்த ரெண்டில் முதலாவதைத்தான் அதிக நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு பெண் வந்தார். முக்காடு போட்டு, நிறைமாத வயிறு, கையில் போன். போனைப் பார்த்து என்னைப் பார்த்தார். என் ஸ்டேட்டஸ் போட்டோ.

"தம்பி, கண்டியில இருந்தா வாறீங்க?"

"இல்லை" என்றேன்.

அவர் என் முகத்தை இன்னொரு தரம் பார்த்தார். மன்னிச்சுக்கொள்ளுங்க தம்பி என்று சொல்லிவிட்டு, எதிரே இருந்த கதிரையில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். அப்பா அந்த நேரம் தகவல் கவுண்டரில் கையாலும் காலாலும் இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தார். நல்லவேளை அவர் காதில் விழவில்லை. தங்கச்சியின் காதில் விழுந்தது.

ஒரு மணித்தியாலம் ஆகப்போகிற நேரத்தில் கதவு திறந்து அம்மா வந்தார். தனியாக. ஒரு கையில் பேக், மறு கையில் அதே வெள்ளைத் துணி, ஒரு பக்கம் பிரிந்து. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா பக்கத்தில் வந்து கேட்ட முதல் கேள்வி, "அந்தப் புள்ள வந்துருச்சா?"

நான் எதிர்க் கதிரையைக் கை காட்டினேன். அந்தக் கையைத் தூக்கியது போல் ஒரு கனமான வேலையை நான் அதற்கு முன்பும் செய்ததில்லை, பிறகும் செய்ததில்லை.

உள்ளே இருந்தது பிள்ளை பெற்றவர்களுக்குச் சோற்றோடு பிசைந்து கொடுக்கிற மருந்துத் தூள், கொஞ்சம் வசம்பு, கையால் தைத்த ரெண்டு குழந்தைத் தொப்பி. துணியைக் கத்தியால் கிழிக்கப் போனார்களாம். கத்தி வேண்டாம், நானே நூலைப் பிரிக்கிறேன் என்று அம்மா கேட்டு வாங்கிப் பிரித்திருக்கிறார். தூளைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வசம்பு மட்டும் கொண்டுபோகக் கூடாதென்று எடுத்து வைத்துக்கொண்டார்கள். இனிமேல் சொந்தப் பிள்ளையே கொடுத்தாலும் பார்க்காமல் வாங்காதீங்க என்று அந்த அதிகாரி நன்றாகத் திட்டி அனுப்பினாராம். இதெல்லாம் ஊர் திரும்பிய பிறகு, கேட்டுக் கேட்டு, துண்டு துண்டாக எனக்குக் கிடைத்தது.

அம்மா அந்தப் பெண்ணுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். பேக்கிலிருந்து ஊசி நூல் எடுத்தார். "பிரிச்சிட்டாங்கம்மா, கோவிச்சுக்காத" என்று சொல்லி, அங்கேயே, அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், பிரிந்த பக்கத்தைத் தைத்துக் கொடுத்தார். அந்தப் பெண் பொட்டலத்தை மூக்கில் வைத்து மோந்தார். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒங்க தம்பி போன் எடுக்கவில்லையாம் என்று அம்மா சொன்னதற்கு, ஊரில் அவன் அஸர் தொழுகைக்குப் போயிருப்பான், அதுதான் போன் எடுத்திருக்க மாட்டான் என்றார். எழும்பும்போது என்னைப் பார்த்து, அம்மாவிடம் சொன்னார்:

"தம்பி பயணக் களைப்பு போல. நான் கேட்டது வெளங்கல்ல."

அப்பா வந்தார். துணி பேக்குக்குள் பிரிந்துவிட்டது, தைத்துக் கொடுத்தேன் என்றார் அம்மா. இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்று கேட்டதற்கு, பாத்ரூமில் வழி தெரியாமல் சுற்றினேன் என்றார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அதுவரை பயந்துபோயிருந்த ஆளின் சிரிப்பு அது.

பிறகு நாலு நாள் ஊர் சுற்றினோம். போட்டோ நூற்றுக்கணக்கில் எடுத்தோம். ஒன்றைக்கூட நான் ஸ்டேட்டஸ் வைக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்து, வெள்ளைத் தொப்பி போட்ட போட்டோ ஒன்று மடவளைப் பையன் மூலமாக வந்தது. அம்மா அதைத் தன் போனில் வைத்திருக்கிறார்.

இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். "இவ மலேசியா போய் மொதல்ல சுத்திப் பார்த்த எடம் பாத்ரூம்தான், ஒரு மணித்தியாலம்" என்பார். "பைப்பத் தொறக்கத் தெரியல, என்ன செய்ய" என்று அம்மாவும் சேர்ந்து சிரிப்பார். தங்கச்சி சிரிக்க மாட்டாள். சிரிக்கும்போது அம்மா ஒரு தரம்கூட என் பக்கம் திரும்புவதில்லை. அப்படித் திரும்பாமல் இருந்து அவர் இன்னும் என்னைப் பச்சை வழியாகவே அனுப்பிக்கொண்டிருக்கிறார் என்பதும், நான் இன்னும் போய்க்கொண்டேதான் இருக்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும்.