பதிமூன்றாம் செவ்வாய்

என் மனைவிக்கு இதய வால்வு சுருங்கிவிட்டது என்று சேலம் ஆஸ்பத்திரியில் சொன்ன வாரமே, புனித அந்தோனியாருக்குப் பதிமூன்று செவ்வாய் நேர்ந்துகொண்டேன். தொடர்ந்து பதிமூன்று செவ்வாய்க்கிழமைகள் அவர் கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பார்கள். அப்படி யார் விதித்தது என்று நான் விசாரித்ததில்லை.

அறுபதுகளின் கடைசி அது. பென்னாகரத்தில் ஒரு பள்ளியில் எழுத்தராக இருந்தேன். கோயில் கம்பைநல்லூர்ப் பக்கம். பஸ் மாறிப் போக வேண்டும். செவ்வாய்தோறும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடிப்பேன். திரும்பும் பஸ்ஸிலேயே நாட்குறிப்பு எழுதிவிடுவேன்: பஸ் நேரம், பூசை நேரம், வர்த்தி அணையாமல் நின்றதா என்பது, கடைசி வரியில் என் வேண்டுதலுக்குப் பதில் வந்ததா என்பது. நான்காம் செவ்வாய், பதில் இல்லை. ஏழாம் செவ்வாய், அவளுக்குக் கால் வீக்கம் கூடியிருக்கிறது, பதில் இல்லை.

"உங்க அந்தோனியாரும் உங்கள மாதிரி ரிஜிஸ்டர் வச்சிருக்காருங்களா?" என்று ஒருநாள் அவள் கேட்டாள். மூன்று தலையணைகளில் சாய்ந்தால்தான் அவளால் மூச்சு விட முடியும். "ஒரு வாரம் போவலைன்னா ஆப்சென்ட் போட்ருவாரா?"

"வெளையாடாத" என்றேன்.

பதிமூன்றாம் செவ்வாய் காலை, நான் செருப்பு மாட்டும்போது கூப்பிட்டாள்.

"இன்னிக்கு போவாதீங்க. வூட்லயே இருங்க."

"இன்னிக்கோட முடியுது. இத வுட்டா பன்னெண்டும் வீணாப் போயிரும்."

"ஒரு சேதி சொல்லணுங்க."

"வந்து கேக்கறேன். நாலு மணிக்கெல்லாம் வந்துருவேன்."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, கொடைய எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள்.

நான்கு மணிக்கு வந்துவிட்டேன். ஒத்தாசைக்கு வந்திருந்த அவளுடைய அக்கா வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார். உள்ளே என் மனைவியின் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சு நின்றுபோயிருந்தது.

"பத்து தரம் கேட்டாளுங்க, பஸ் வந்துச்சா, பஸ் வந்துச்சான்னு. என்னாடி சேதின்னேன். அவருகிட்டத்தான் சொல்லணும்னுட்டா" என்றார் அக்கா.

அதன்பின் ஆறு நாள் இருந்தாள். என் முகத்தைப் பார்த்து உதட்டை அசைப்பாள். காதை அவள் வாயருகே வைத்துக் கேட்டேன். மூச்சு மட்டும்தான் வந்தது. இடது கையில் பேனாவை வைத்துப் பார்த்தேன், நழுவிவிட்டது.

அடக்கம் முடிந்தபின் பங்குச் சாமியாரிடம், "ஏன் சாமி ஒரு பதிலும் வரல?" என்று கேட்டேன். அவர் அங்கியின் பொத்தானைத் திருகிக்கொண்டே, "எனக்குத் தெரியலைங்க" என்றார். அதற்காகவே அவர்மேல் இன்றும் எனக்கு மரியாதை உண்டு.

சில வருடங்கள் கழித்து அந்த நாட்குறிப்பை எடுத்துப் படித்தேன். பதிமூன்று பக்கங்களிலும் கடவுள் பேசவில்லை என்று எழுதியிருக்கிறேன். அவள் பேசியதில் ஒரு வார்த்தைகூட அவற்றில் இல்லை. ரிஜிஸ்டரையும் குடையையும் ஞாபகத்திலிருந்துதான் இங்கே எழுதுகிறேன். கடவுள் ஏன் பேசவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் பேசியிருந்தாலும், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றுதான் நான் சொல்லியிருப்பேன்.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் நான் எங்கும் போவதில்லை. அவள் கட்டிலில் உட்கார்ந்து ஜெபம் சொல்கிறேன். பாதியில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறேன். எதுவும் காதில் விழுவதில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.