நகல் எடுக்காத டிஸ்க்

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் அவனுக்கு ஆமை என்று பேர் வைத்தது பக்கத்துக் கடைக்காரர். யார் டிஸ்க்கைக் கொண்டுவந்தாலும் முதலில் முழுசாக ஒரு நகல் எடுப்பான். அப்புறம்தான் கை வைப்பான். "போன வாரம் குடுத்தேனேப்பா, இந்நேரம் குட்டி போட்டிருக்குமே?" என்று வாடிக்கையாளர்கள் சீண்டுவார்கள். சிரித்துக்கொள்வான். பதினாறு வருஷத்தில் அவன் கைபட்டு ஒருவருடைய ஒரு போட்டோகூடத் தொலைந்ததில்லை.

அந்த ஞாயிறு காலை அக்கா வீட்டுக்குப் போனான். அத்தான் தவறிப்போய் எட்டு மாதம். அக்கா மகளின் கல்லூரிப் பாடத்துக்குக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இயங்குதளமும் வேண்டுமாம். வீட்டில் இருப்பது அத்தானின் பழைய லேப்டாப் ஒன்றுதான். அதில் அத்தானின் குரல் இருந்தது. தொண்டை ஆபரேஷனுக்கு முந்தின வாரம், மகளுக்காகப் பேசிப் பதிந்து வைத்தது. வேறெங்கும் இல்லை.

"அவரு இருக்குற பக்கத்தைத் தொடாதடா. ஓரமா கொஞ்சம் இடம் பிரிச்சு இவளுக்குக் குடு."

"நகல் எடுக்கணும்க்கா. கடைக்குப் போய் வேற டிஸ்க் கொண்டு வரணும். ஆறு மணி நேரமாவது ஆகும்."

"என்கிட்டயும் கடைக்காரன் மாதிரியே பேசு! அரை மணி நேர வேலைதானாம், இவ சிநேகிதி சொல்றா."

வேறு யாராவது என்றால் மறுத்திருப்பான். அக்காவிடம் வாய் வரவில்லை. டிஸ்க்கில் அத்தானின் பகுதியைச் சுருக்கி ஓரத்தில் இடம் ஒதுக்கச் சொல்லி, சரி என்று அழுத்தினான்.

நாற்பத்தொரு சதவீதத்தில் திரை அப்படியே நின்றது. உள்ளே நகத்தால் தட்டுவதுபோல ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து மறுபடி. இந்தச் சத்தத்தோடு கடைக்கு வந்த எந்த டிஸ்க்கும் முழுசாகத் திரும்பிப் போனதில்லை.

"என்னடா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"டிஸ்க் கெட்டிருக்குக்கா. முன்னாடியே பாத்திருக்கணும்."

"அப்ப நிறுத்து."

"உள்ள எல்லாம் இடம் மாறிட்டிருக்கு. பாதியில நிறுத்தினா ஒண்ணும் மிஞ்சாது."

"விட்டா?"

சுவரிலிருந்து வரும் ஒயரை யாரும் இடறாதபடி அவன் ஓரமாக ஒதுக்கினான்.

பேட்டரி எப்போதோ செத்துப்போன லேப்டாப். சுவரிலிருந்து வரும் கரண்டில்தான் ஓடியது. அக்கா எழுந்துபோய் மின்விசிறியை அணைத்தாள். பிறகு ஃப்ரிட்ஜை. பிறகு ஒவ்வோர் அறை விளக்காக. அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அவன் சொல்லவில்லை.

மகள் எட்டிப் பார்த்தாள். "முடிஞ்சுதா மாமா?"

அக்கா உதட்டில் விரல் வைத்தாள். ஓசை அடங்கிய வீட்டில், அந்தத் தட்டல்களுக்கு நடுவே இடைவெளி குறைந்துகொண்டே வருவது மூவருக்கும் கேட்டது.