கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு பிளக்

வயரிங் சொல்லிக்கொடுப்பது சுலபம். பிள்ளைகளை வாய் திறக்க வைப்பதுதான் பெரும்பாடு. ஐ.டி.ஐ.யில் பாடம் எடுக்கும் சக வாத்தியார்களே, என் பாடுதான் உங்கள் பாடும்.

தெரியாதுங்க சார்

கந்தர்வக்கோட்டைப் பக்கமிருந்து வரும் பவானிக்குக் கைவேலை சுத்தம். ஆனால் யார் எதைக் கேட்டாலும், கேள்வி முடியும் முன்பே எழுந்து நின்று "தெரியாதுங்க சார்" என்பாள். எந்த ஸ்டாப்பில் பஸ் ஏறுகிறாய் என்று கேட்டதற்கும் அதே பதில்தான்.

அடுத்த மாதம் ஒரு கம்பெனி ஆள் எடுக்க வருவதாக இருந்தது. அதில் தேறாவிட்டால் முந்திரி உடைக்கப் போகவேண்டியதுதான் என்று அவள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். தரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்கு இந்த வேலதான் சார் பிடிச்சிருக்கு. ஆளப் பாத்தா நாக்கு ஒட்டிக்கிருது."

கண்ணைக் கட்டி விளையாட்டு

சரி, விளையாட்டாகவே பழக்குவோம் என்று இறங்கினேன். ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு பிளக்கில் மூன்று வயரையும் மாட்ட வேண்டும். அவருக்கு ஜோடியாக இருப்பவர் வாயால் மட்டும் வழி சொல்ல வேண்டும். கரண்ட் இல்லாத வயர்தான், பயப்படாதீர்கள். பவானி கையை நீட்டி நீட்டி "இங்கிட்டு... இல்ல, அங்கிட்டு" என்றாள். கண்ணைக் கட்டியிருந்த சுதாகர் கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தான். "தாயி, நீ கையக் காட்டுறது எனக்கு எப்படித் தெரியும்? எடதா வலதான்னு சொல்லு."

நாற்காலி மாறியது

அடுத்த விளையாட்டில் மாணவர்கள் கம்பெனி அதிகாரிகள், நான் வேலை கேட்டு வந்தவன். 'தெரியாது' என்று சொன்னவர் பட்டறையைப் பெருக்க வேண்டும். என் நாற்காலியில் பவானியை உட்கார வைத்தேன். எத்தனை வருஷமாக இதே வேலை என்றாள். பதினொன்று என்றேன்.

"ஏங்க, வேற எங்கயும் கெடைக்கலையா?"

எனக்கு "தெரியாதுங்க" என்று வாயில் வந்துவிட்டது. வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல் துடைப்பத்தை நீட்டினாள். "தெரியாதுன்னு சொல்லாதீங்க சார். யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லுங்க."

கம்பெனி வந்த நாள்

பவானி உள்ளே போனதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வராந்தாவிலேயே நடந்தேன். வெகுநேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். பின்னாலேயே வந்த அதிகாரி, அவளை எடுத்துக்கொள்கிறோம் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படி என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"பிளக்குல வயர் மாட்டத் தெரியுமான்னேன். கொஞ்சம் யோசிச்சிட்டு, என்னையக் கண்ண மூடச் சொன்னுச்சு சார். அது சொல்லச் சொல்ல நானே மாட்டிட்டேன்."

அவள் இப்போது ஓசூரில் வேலையில் இருக்கிறாள். நான் அதே பட்டறையில், அவள் கேட்ட கேள்விக்கு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.